கொல்லுகிற வேலை விசார்ட்டுக்கு இல்லை: நீண்ட நாள் ஆடிய அனுபவம்

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கட்டை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டுக்கு வருகிற புதுப் பெடியள் விசார்ட்டை, அதாவது மந்திரவாதிப் பாத்திரத்தை, கேட்டு வாங்குவது பெரும்பாலும் ஒரு மந்திரத்துக்காகத்தான்: ஃபயர்போல், வெடிக்கிற நெருப்புக் குண்டு. ஒரே விசார்ட்டை 1ஆம் நிலையிலிருந்து 11ஆம் நிலை வரை சாகாமல் கொண்டுவந்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். ஃபயர்போல் நல்ல மந்திரம், ஆனால் விசார்ட்டின் தொழில் அதுவல்ல. எதிரிக்கு அடிப்பதற்குக் கிடைக்கிற தடவைகளைக் குறைப்பதுதான் தொழில். கொல்லுகிற வேலையை வாள் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாங்கள் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024 திருத்தத்தில் ஸ்லீப், கவுண்டர்ஸ்பெல் போன்ற மந்திரங்கள் மாறிவிட்டன, ஆகவே நான் சொல்வது அதற்கு அப்படியே பொருந்தாது. புத்தகம் வாங்க வசதியில்லை என்றால் கவலை வேண்டாம். அடிப்படை விதிகளில் பெரும்பகுதியை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டார்கள். கிளிநொச்சியில் எங்கள் குழு ஓடுவதே அந்த பிடிஎஃப்பில்தான். அதில் விசார்ட்டுக்கு எவொகேஷன் (சக்தியை எறிகிற மந்திரங்கள்) என்ற ஒரேயொரு பிரிவுதான் உண்டு, ஆகவே என்னுடைய ஆளும் எவொகேஷன். ரியூசன் கொட்டிலின் சீமெந்துத் தரையில் சோக்கால் கட்டம் போடுவோம், ஒரு கட்டம் 5 அடி. ஆட்களுக்கு சோடா மூடி, இருபது முகக் கட்டைக்கு போன். நாலு கட்ட நீளத்துக்கு ஒரு நூல் வெட்டி வைத்திருக்கிறேன். மந்திரத்தின் 20 அடி ஆரம் எவ்வளவு தூரம் வரும் என்று அதற்குப் பிறகு யாரும் சண்டை பிடித்ததில்லை.

ஆரம்ப நிலைகளில் எல்லாமே தூங்கவைக்கிற ஸ்லீப்தான். 5 எட்டுமுகக் கட்டை உருட்டினால் சராசரி 22 அல்லது 23 வரும், அத்தனை ஹிட் பொயின்ட் (உயிர்ப் புள்ளி) அளவுக்கு எதிரிகள் தூங்குவார்கள். கொப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்கு 7 ஹிட் பொயின்ட், எனவே மூன்று கொப்ளின் அந்த இடத்திலேயே படுத்துவிடும். எதிரிக்கு சேவ், அதாவது மந்திரத்திலிருந்து தப்பக் கட்டை உருட்டும் வாய்ப்பே கிடையாது. ஆனால் கணக்கு தொடங்குவது ஹிட் பொயின்ட் குறைந்தவரிடமிருந்து. நண்பர்கள் அடிபட்டு அந்த வட்டத்துக்குள் நின்றால் அவர்கள்தான் முதலில் குறட்டை விடுவார்கள். எழும்பி நடக்கிற பிணங்களுக்கும் வசியத்துக்கு அசையாதவற்றுக்கும் இது வேலை செய்யாது. 4ஆம் நிலை தாண்டியதும் ஸ்லீப்பை மறந்துவிடலாம், ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு 59 ஹிட் பொயின்ட்.

அந்த ஓகரை வைத்தே மற்றக் கதையையும் சொல்லலாம். 5ஆம் நிலையில் என் ஆளின் சேவ் எண் 15, எதிரி தப்ப அதை எட்ட வேண்டும். நாலு ஓகர் வருகின்றன. ஃபயர்போல் போட்டால் 8 ஆறுமுகக் கட்டை, சராசரி 28. நாலும் சேவில் தோற்றாலும் பாதி உயிர்தான் போகும், ஒன்றும் சாகாது. பாதி செத்த ஓகரின் பொல்லடி முழு ஓகரின் பொல்லடியைவிட ஒரு புள்ளிகூடக் குறையாது. இதை எங்கள் வாள்காரரான ஃபைட்டருக்கு விளங்கப்படுத்த எனக்குக் கன காலம் எடுத்தது. அதே ஸ்லொட்டில் (ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கிடைக்கிற மந்திர வாய்ப்பு) ஹிப்னாட்டிக் பட்டர்ன் என்ற மயக்கு மந்திரத்தைப் போட்டால் ஓகர் தன் ஞானத்தை வைத்து சேவ் உருட்ட வேண்டும். அதற்கு அதில் கழித்தல் 2. கட்டையில் 17 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் தப்பும். சராசரியாக மூன்று ஓகர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதுவும் ஒரு நிமிடம், அதாவது 10 சுற்று. மற்ற எல்லோரும் சேர்ந்து நாலாவதை அடித்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. மயங்கி நிற்பவரை யாராவது அடித்தாலோ, பக்கத்தில் வந்து உலுக்கினாலோ மயக்கம் போய்விடும். “மச்சான், அதைத் தொடாதை” என்பதுதான் எங்கள் கொட்டிலில் அதிகம் கேட்கிற வசனம்.

இப்படிப்பட்ட மந்திரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே கொன்சன்ட்ரேஷன் கேட்பவை, அதாவது மனதைக் குவித்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பிடிக்கலாம். அடி விழுந்தால் 10 அல்லது விழுந்த அடியில் பாதி, இதில் எது கூடவோ அதையாவது எட்ட உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் மந்திரம் போய்விடும். உடல்வலு +2 உள்ளவருக்கு சின்ன அடியிலேயே 65 வீதம்தான் வாய்ப்பு. ஆகவே விசார்ட்டின் உண்மையான கவசம் அடி படாமல் இருப்பது. மேஜ் ஆர்மர் என்ற கவச மந்திரத்தைக் காலையில் போட்டால் 8 மணித்தியாலம் நிற்கும், அதைக் கேள்வி கேட்காமல் போடுங்கள். அதைவிடப் பெரியது நிற்கிற இடம். 30 அடி நடையைப் பிரித்து நடக்கலாம் என்று விதி இருக்கிறது: சுவருக்குப் பின்னாலிருந்து 15 அடி வெளியே, மந்திரம், 15 அடி திரும்ப உள்ளே. பார்க்க வீரமாக இராது, ஆனால் எதிரியின் வில்லாளிக்கு என்னைக் காணக் கிடைக்காது.

ரியாக்ஷன், அதாவது மற்றவர் செய்வதற்கு உடனே செய்கிற பதில், ஒரு சுற்றுக்கு ஒன்றுதான், இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஷீல்ட் மந்திரம் போட்டால் என் அடுத்த முறை வரை ஆர்மர் கிளாஸ் (என்னை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 5 கூடும், மூன்று பேர் சுற்றி நின்று அடித்தாலும் மூவருக்கும் அதே 5. ஆனால் ஷீல்டுக்குப் போய்விட்டால் எதிரியின் மந்திரவாதி அடுத்து வாயைத் திறக்கும்போது அவர் மந்திரத்தைத் தடுக்கிற கவுண்டர்ஸ்பெல் கையில் இல்லை. அதனால் எதிரிப் பக்கம் மந்திரக்காரர் இருக்கிற சண்டையில் வாள்காரர்களிடமிருந்து இன்னும் தள்ளி நிற்பேன், ஷீல்டுக்குத் தேவையே வராதபடி. கவுண்டர்ஸ்பெல் எட்டுவது 60 அடி. எதிரிக்கும் அதே 60 அடிதான். அவர் 65 அடியில் நின்றால் நான் போடுவதை அவரால் தடுக்க முடியாது. நூலால் அளந்து நிற்பது கஞ்சத்தனம் போலத் தெரியும், பரவாயில்லை.

ஆட்டத்தை நடத்துகிற எங்கள் டீ.எம். அண்ணைக்கு வரைபடம் என்றால் குளம்தான். இரணைமடுவைப் பார்த்து வளர்ந்தவர் வேறெதை வரைவார்? குளக்கட்டு, ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் சரிவு, நடுவில் இரண்டு மூன்று கட்ட அகலம். விசார்ட்டுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது. 2ஆம் நிலை வெப் மந்திரம் (மந்திரங்களுக்குத் தனி நிலைக் கணக்கு) 20 அடிக் கனசதுர வலை, கட்டின் அகலத்தை அப்படியே அடைக்கும். மரமோ சுவரோ இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் உயரமாக நிற்காது, தரையில் 5 அடி ஆழத்துக்கு விரிக்க வேண்டும். அதுவே போதும். சிக்கியவரால் நகர முடியாது, அவர் அடிக்கும்போது இரண்டு கட்டை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும், அவரை நாம் அடிக்கும்போது இரண்டில் கூடியதை எடுக்கலாம். பாலையும் வீரையும் நெருங்கிய ஒட்டுசுட்டான் பக்கக் காடு மாதிரி அவர் வரைந்தால் மரத்துக்கு மரம் கட்டி முழு உயரத்துக்கும் விடலாம். நெருப்பு மட்டும் கவனம், பட்ட இடம் ஒரு சுற்றில் எரிந்துவிடும்.

ஃபைண்ட் ஃபமிலியர் மூலம் கூப்பிட்ட ஆந்தை இன்னொரு நல்ல முதலீடு. பறந்து வந்து, பதுங்கி அடிக்கிற எங்கள் ரோக்குக்கு உதவி செய்து, விலகும்போது எதிரியிடம் அடி வாங்காமல் பறந்து போகும். ரோக்குக்கு ஒவ்வொரு சுற்றும் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடி. செத்தால் 10 பொற்காசும் ஒரு மணித்தியாலமும் போதும். இரவில் ஆந்தை கத்தினால் கெட்ட சகுனம் என்று எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள், காசு கொடுத்து ஆந்தை கூப்பிடுகிற விளையாட்டு என்று அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

சரி, ஃபயர்போல் எப்போது? ஹிட் பொயின்ட் குறைந்த கூட்டம் நெருக்கி நிற்கும்போது, அப்போது கண்ணை மூடிக்கொண்டு போடலாம். எவொகேஷன்காரருக்கு 2ஆம் நிலையிலேயே ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் கிடைக்கும், மந்திரத்தின் நிலையோடு ஒன்று கூட்டிய எண்ணிக்கை ஆட்களைக் காப்பாற்றலாம். ஃபயர்போலில் 4 பேர். ஃபைட்டர் நடுவில் நின்று சண்டை பிடிக்க அவரைச் சுற்றி எரிப்பது அழகான வேலைதான், மறுக்கவில்லை. எங்கள் குழுவில் இதற்கு ஒரு விதி உண்டு: ஊர்ச்சனம் நிற்கிற இடத்தில் ஃபயர்போல் இல்லை, கணக்கில் எத்தனை பேர் தப்பினாலும் இல்லை. எங்கள் கொட்டிலில் ஆடுகிறவர்கள் எல்லோரும் 2009க்கு முன் பிறந்தவர்கள். யாரும் காரணம் கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. 5ஆம் நிலையில் ஒரு நாளைக்கு ஸ்லொட் 9தான், ஆர்கேன் ரிக்கவரியால் குறுகிய ஓய்வில் மொத்தம் 3 நிலை அளவுக்கு மீட்கலாம். ஒரு நாளில் ஐந்தாறு சண்டை வைக்கிற டீ.எம். கிடைத்தால் பாதி நேரம் ஸ்லொட் தேவைப்படாத ரே ஒவ் ஃபிரோஸ்ட் எறிந்துகொண்டிருக்க வேண்டும் (ஃபயர் போல்ட்டைவிட எனக்கு இதுதான் விருப்பம், அடி கொஞ்சம் குறைவு, ஆனால் எதிரியின் வேகத்தில் 10 அடி போகும்). எங்களுக்கு முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்களின் கடைசி பஸ்தான் நேரம் வைக்கிறது, அதனால் ஒரு பின்னேரத்துக்கு ஒரு பெரிய சண்டையோடு சரி. வெளிப்படையாகச் சொன்னால் அதில் விசார்ட்டுக்கு அளவுக்கு மீறிய அனுகூலம், இருப்பதையெல்லாம் கொட்டிவிடலாம். மற்றது, புத்தகத்தில் மந்திரம் பிரதி பண்ண ஒரு நிலைக்கு 50 பொற்காசும் 2 மணித்தியாலமும் வேண்டும். அண்ணை புதையலில் காசு வைப்பது குறைவு.

9ஆம் நிலையில் வோல் ஒவ் ஃபோர்ஸ் வந்த பிறகு அவர் சண்டைகளையே மாற்றி அமைக்கத் தொடங்கிவிட்டார். அடித்து உடைக்க முடியாத, கண்ணுக்குத் தெரியாத சுவர். சேவ் இல்லை. கூட்டத்தை இரண்டாக வெட்டி, இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு, ஆறுதலாகச் சுவரை எடுக்கலாம். மந்திரங்களைக் கலைக்கிற டிஸ்பெல் மஜிக் எடுபடாது. டிஸிண்டிகிரேட் என்ற மந்திரம் மட்டும் அதை அழிக்கும், ஆகவே இப்போது வருகிற வில்லன்களில் பலருக்கு அது தெரிந்திருக்கிறது.

11ஆம் நிலையில் 6ஆம் நிலை மந்திரம் எடுக்க வேண்டும். ஃபைட்டர் டிஸிண்டிகிரேட் எடு என்று நிற்கிறார். நான் சொன்னபடி பலரை நடக்கவைக்கிற மாஸ் சஜெஸ்ஷன் எழுதியிருக்கிறேன்: 12 பேர் வரை, 24 மணித்தியாலம், கொன்சன்ட்ரேஷன் தேவையில்லை. அண்ணை அதைப் பார்த்துவிட்டு விதிப்புத்தகத்தை இரண்டாம் தரம் வாசித்துக்கொண்டிருக்கிறார்.