ஏலமலை ஜீப் ரோடுகளுக்கு எக்ஸ்பல்ஸ் 200 4வி: வாங்கலாமா?

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியிலும் விடியற்காலையில் ஜீப்புகள் ஏறுகின்றன. தேனி மாவட்டத்து ஆட்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் வழி அது. போய்த் திரும்புகிறவர்களுக்கு ஜீப் போதும். அங்கேயே தங்கித் தோட்டம் பார்ப்பவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் நடத்துபவர்கள், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் குடியிருப்பவர்கள் இவர்களுக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். அது சாந்தாம்பாறையில் தார் ரோட்டை விட்டு இறங்கி, மழையில் அரித்த ஜீப் ரோட்டில் ஏறி, மறுநாள் கம்பம் சந்தைக்கும் போய்வர வேண்டும்.

இந்த வேலைக்கு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பொருத்தமான வண்டி. ஆனால் ஷோரூமிலிருந்து எடுத்தபடியே தோட்டத்தில் விட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும். டயர், அடித்தகடு, கைக்காப்பு ஆகிய மூன்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.

முதலில் எடை. எரிபொருளோடு சேர்த்து இந்த வண்டி 158, 159 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடை 196 கிலோ, விலையும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஹிமாலயனுக்கு 40 பிஎஸ் சக்தி இருக்கிறது, மதுரைக்கோ கொச்சிக்கோ போக அதுதான் சுகம். ஏலச்செடிக்கு நடுவே, ஈர இலைச் சருகின் மேல், ஆள் அரவமில்லாத இடத்தில் வண்டி சாய்ந்தால் அந்த 37 கிலோ வித்தியாசம்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே வண்டி விழுவது அன்றாடம் நடப்பது. ஒற்றை ஆளாகத் தூக்கும் முறையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, சரிவில் வண்டியின் கீழ்ப்பக்கம் நிற்காமல் மேல்பக்கம் நின்று, இடுப்பை சீட்டில் முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டில் முனையிலும் மறு கை பின் கேரியரிலும் பிடித்துக் காலால் பின்னோக்கித் தள்ள வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கினால் தசை பிடித்துக்கொள்ளும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் சரியும்.

அடுத்தது சக்கரம். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டும் ஸ்போக்ஸ். எஸ்டேட் ரோடுகளில் பாவிய கற்கள் பெயர்ந்து குழிகளாக நிற்கும். 17 அங்குலச் சக்கரம் அந்தக் குழியின் விளிம்பில் முட்டி நிற்கும், 21 அங்குலம் அதன் மேல் ஏறிவிடும். முன் ஃபோர்க் 190 மி.மீ., பின் ஷாக் 170 மி.மீ. அமுங்கும், தரையிலிருந்து அடிப்பாகம் 220 மி.மீ. உயரம். ஜீப் தடங்களுக்கு நடுவே மேடிட்டு நிற்கும் மண்ணில் கம்யூட்டர் வண்டிகளின் சைலன்சர் இடிக்கிற இடத்தில் இது தொடாமல் போகும். சைலன்சரும் மேல்வாக்காக வைக்கப்பட்டிருப்பதால் ஓடை இறங்குவதில் பயமில்லை.

குறை சக்தியில்தான். 199.6 சிசி, நான்கு வால்வு, ஆயில் கூலிங், 19 பிஎஸ் அளவு சக்தி, 17.35 என்எம் டார்க், ஐந்து கியர். இந்த எண்கள் சமவெளிக்கானவை. உயரம் கூடக் காற்று மெலிவதால் 1,000 அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி குறையும். மூணாறு உயரத்தில் (5,000 அடியை ஒட்டி) சுமார் 16 பிஎஸ்தான் மிஞ்சும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கலவையைச் சரிசெய்துகொள்ளுமே தவிர இல்லாத காற்றைக் கொண்டுவராது. மெக்கானிக்கிடம் போய் "இழுவை இல்லை" என்று பணம் செலவழிப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். சரக்கோடு செங்குத்தான ஏற்றத்தில் முதல் கியரிலேயே இன்ஜின் திணறும். உடனே கை கிளட்ச்சைப் பாதி பிடிக்கும். அப்படியே நூறு மீட்டர் ஏறினால் கிளட்ச் தட்டுகள் கருகும், வாடையிலேயே தெரியும். இதற்கு மருந்து செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால், பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டியதற்குச் சமம். முன்னது மலிவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் செயின் சின்ன வட்டத்தில் மடங்குவதால் சீக்கிரம் தேயும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் இருக்கும் ரப்பர் காப்பையும் அறுக்கும். மலையை விட்டு இறங்காதவர் முன்னதைக் குறைக்கலாம். வாரம் ஒருமுறை தேனி, மதுரை என்று ஓடுகிறவர் பின்னால் ஒன்றிரண்டு பல் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகம் வரை இந்த வண்டி நிம்மதியாகப் போகும், 100ஐ நெருங்கினால் முக்கும். ஐந்து கியர் வண்டியில் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மலையில் வண்டி வழுக்குவதும் ரிம் நெளிவதும் வழியில் நிற்பதும் பெரும்பாலும் டயரால்தான். வண்டியோடு வரும் டயர் தார் ரோட்டுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நன்றாகவே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் செம்மண் களியாகி அதன் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். அப்புறம் டயர் வழவழவென்று உருண்டைதான். பல் அகலமாக இடைவெளி விட்ட பட்டன் டயர் போட்டால் சுற்றும்போதே சேற்றை உதறும். முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18 என்ற அதே அளவில் வாங்குங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்னால் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி ஆடும், சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்க நேரமே இருக்காது. பட்டன் டயர் ஈரத் தார் ரோட்டில் பிடிமானம் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நேரத்தில் பழைய வேகத்தில் சாய்க்காதீர்கள்.

காற்று: இரண்டுமே டியூப் டயர்கள். கல்லும் சேறும் கலந்த பாதையில் முன்னால் 18, பின்னால் 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பிடிமானம் தெளிவாகக் கூடும். அதற்குக் கீழே போனால் இரண்டு ஆபத்து. கூரான கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இன்னொன்று, டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். பிய்ந்த வால்வுக்கு ஒட்டு கிடையாது. வால்வு ரிம்மில் சாய்ந்து நிற்கிறதா என்று காலையில் ஒரு பார்வை பாருங்கள், சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி நேராக்குங்கள். வால்வின் நட்டை ரிம்மோடு முறுக்கி வைக்காதீர்கள். மூடியை ஒட்டி மேலே விட்டு வைத்தால் டியூப் நகர இடம் கிடைக்கும். தார் ரோடு ஏறியதும் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும்.

பஞ்சருக்கு டயர் லீவர் மூன்று, கைப்பம்பு, இரண்டு ஆக்சிலுக்கும் பொருந்தும் ஸ்பேனர், ஒட்டுத் துண்டுகள், ஒரு 21 அங்குல டியூப் ஆகியவை எப்போதும் கூடவே இருக்க வேண்டும். அந்த 21 அங்குல டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு வீடு வந்து சேரலாம். 18 அங்குல டியூபை முன்னால் போடுவது நடக்காது, அதனால்தான் பெரியது. சின்ன ஊர்க் கடைகளில் 21 அங்குலம் கேட்ட நேரத்தில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இந்த வண்டியில் நடு ஸ்டாண்டு இல்லை. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, மறுபக்கம் ஃபிரேமுக்கு அடியில் கவைக்கம்பு ஒன்றை முட்டுக்கொடுத்தால் சக்கரம் தரையை விட்டு எழும்.

அடித்தகடு கம்பெனியே கொடுக்கிறது, ஆனால் சின்னது. இன்ஜின் கேஸைப் பக்கவாட்டிலும் மூடும் கனமான அலுமினியத் தகடு போடுங்கள். தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே அடையும் சேற்றை வாரம் ஒருமுறை குச்சியால் தோண்டி எடுக்காவிட்டால் சூடு வெளியேறாது. ஆயில் கூலரின் செதில்களிலும் இதே கதைதான். அங்கே அழுத்தமான பம்புத் தண்ணீரை நேராக அடித்தால் செதில் மடங்கிவிடும், குழாய்த் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். கூட வரும் கைக்காப்பு பிளாஸ்டிக். காற்றையும் செடிக் கிளையையும் தடுக்கும், விழுந்தால் லீவரைக் காப்பாற்றாது. உள்ளே உலோகக் கம்பி ஓடுகிற காப்பு வேண்டும். கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு ஒட்டியே ஓடவிட்டு டேப் சுற்றி வைப்பது இங்குள்ள பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் முடிந்தது.

பிரேக்கில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். மலைக்கு இது வசதி. சரளை இறக்கத்தில் பின் சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டே இறங்க முடிகிறது. 2023க்குப் பிறகு வந்த வண்டிகளில் ரோடு, ஆஃப்ரோடு, ராலி என்று மூன்று நிலைகள் உண்டு. தோட்டத்துக்குள் நடுவில் உள்ளதே போதும்.

செயினை இறுக்கமாக வைக்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு, அது தவறு. ஷாக் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் ஆணி, பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் மிக இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போதே விறைப்பாக இருந்தால் அந்த இடத்தில் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றினால் பின் ஷாக்கின் விறைப்பைக் கூட்டும் 10 படிகளில் இரண்டு மூன்று கூட்டிவிடுங்கள். ஸ்போக்ஸ்களை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் இறுக்கம், மொத்தென்றால் தளர்வு. புது வண்டியில் முதல் 500 கி.மீ.க்குள் இது அவசியம். ஏர் ஃபில்டர் நனைந்தால் காயவைத்து ஒப்பேற்றாமல் மாற்றிவிட வேண்டும். ஓடை கடந்த மறுநாள் இன்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், தண்ணீர் புகுந்திருக்கிறது.

சீட் உயரம் 825 மி.மீ. ஐந்தரை அடிக்குக் குறைந்தவர்கள் ஒற்றைக் கால் ஊன்றப் பழக வேண்டும். மேட்டுப் பக்கம் பார்த்து நிறுத்தினால் போதும், சீட்டின் ஃபோமை அறுக்கத் தேவையில்லை. இதே வண்டியின் புரோ மாடலில் சீட் 891 மி.மீ., அமுக்கம் முன்னால் 250, பின்னால் 220. பந்தயத்துக்கு அருமை, மூட்டை ஏற்றிக்கொண்டு நின்று நின்று போகும் தோட்ட வேலைக்கு வேண்டாம். 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210இல் லிக்விட் கூலிங், ஆறு கியர், கூடுதல் சக்தி எல்லாம் உண்டு. வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அதைத்தான் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே வராதவருக்கு ரேடியேட்டர் இல்லாத 200தான் நிம்மதி, கல்லடி பட்டு ஒழுக ஒரு பொருள் குறைவு.

எங்கே ஓட்டலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை, சின்னாறு எல்லாம் பாதுகாக்கப்பட்ட காடுகள், அனுமதியில்லாமல் உள்ளே தடம் பிடித்துப் போவது வன உயிரினச் சட்டப்படி குற்றம். தேயிலைத் தோட்டத்து ரோடுகள் தனியார் சொத்து, கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியில் ஜீப் எடுப்பதே முறை. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் யானைகள் நடமாடும் இடம். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்து இடம்மாற்றியது இங்கிருந்துதான். இருட்டுவதற்குள் தோட்டம் சேர்ந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு 12 மாதத்துக்கு மேல் கேரளத்தில் வண்டியை வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று வாங்குவது முதல் படி. நிரந்தரமாக மலையில் இருக்கப் போகிறவர் நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ வாங்கிப் பதிவது அலைச்சலைக் குறைக்கும்.

பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால், முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டொக்' என்று ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கின் ரப்பர் உறையைக் கீழே தள்ளி உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும். அடித்தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இன்ஜின் கேஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் விலை பேச வேண்டாம், அடுத்த வண்டியைப் பாருங்கள்.