நீர்வண்ணமா, அக்ரிலிக்கா? ஏற்காட்டை வரையத் தொடங்குபவருக்கு

புதிதாக வரைபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது நீர்வண்ணம்தான்.

அதில் வெள்ளை என்பது தாளின் வெள்ளையே. வெளிச்சம் விழும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, வெளிறிய நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போக வேண்டும். இதனால் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே கண் பழகிவிடுகிறது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பாருங்கள்: தொலைவு கூடக்கூட மலை நீலமாகி வெளிறுகிறது. அந்த வெளிறலை நீர் மிகுந்த ஒரே பூச்சில் கொண்டுவந்துவிடலாம். ஈரத்தாளில் வண்ணத்தைத் தொட்டு வைத்தால் மூடுபனி தானாகவே பரவும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் மலைமேல் தாள் எளிதில் காயாது. பொறுக்காமல் அடுத்த பூச்சைப் போட்டால் நிறங்கள் சேறாகிவிடும். மெல்லிய தாள் நெளியும்; 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) கெட்டித் தாளே வாங்குங்கள்.

அக்ரிலிக் தவறை மன்னிக்கும். காய்ந்ததன் மேல் வேறு நிறம் பூசி மறைத்துவிடலாம். பகோடா பாயிண்ட் பாறைகளின் சொரசொரப்புக்கு அதன் கெட்டித்தன்மை அருமையாகப் பொருந்தும். ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் தட்டில் பிழிந்த வண்ணம் சில நிமிடங்களில் தோல்கட்டும். அவ்வப்போது நீர் தெளிக்க வேண்டும். தூரிகையில் காய்ந்துவிட்டால் நீரில் கரையவே கரையாது. நீர்வண்ணமோ, பெட்டியில் உலர்ந்து கிடந்தாலும் ஒரு சொட்டு நீரில் உயிர்பெறும். பையில் போட்டுக்கொண்டு மலை பஸ் ஏறுபவருக்கு அதுவே வசதி.