காந்தம் ஒட்டாததெல்லாம் 304 இல்லை: உப்புவெளியில் ஒரு டெலோரியன் கட்டி ஏமாந்த கதை

திருகோணமலையில், அதுவும் கடலுக்குக் கிட்ட, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கேட்டோ, படிக் கைப்பிடியோ, எதுவானாலும் சரி. நான் கொடுத்தது ஒரு காருக்கு. அதுவும் ஓடாத காருக்கு. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

உப்புவெளியில் எங்களுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடற்கரை நூறு மீற்றர்தான். சீசனில் வருகிற வெள்ளைக்காரரும் கொழும்புப் பிள்ளைகளும் நின்று படம் எடுக்க வாசலில் ஏதாவது வைக்க நினைத்தேன். வேறு யாராவது என்றால் ஒரு பழைய வள்ளத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எனக்கு 1985இல் வந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்துக் கார்தான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ஜெனரேற்றர் பிடித்து, டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் பார்த்த படம். கதவு இரண்டும் பறவைச் சிறகு மாதிரி மேலே திறக்குமே, அந்தக் கார்.

அசல் கார் டெலோரியன். வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட்டுக்குப் பக்கத்திலிருந்த தொழிற்சாலையில் 1981, 82 காலத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் செய்தார்கள், பிறகு கம்பனி விழுந்துவிட்டது. அதன் மேற்தகடு பெயின்ட் அடிக்காத 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உள்ளே இருக்கிற தொட்டி பைபர். நம் ஊரில் பைபர் போட் கட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. முழுதாகப் பைபரில் அடித்து வெள்ளிப் பெயின்ட் பூசினால் பாதிச் செலவில் முடியும் என்று ஒரு போட் மேஸ்திரி நேரடியாகவே சொன்னார். நான் கேட்கவில்லை. கோடு கோடாகத் தேய்த்த அந்த மங்கல் பளபளப்புத்தான் அந்தக் கார், பெயின்ட் அடித்தால் அது கல்யாண வீட்டு அலங்காரம் என்று அவருக்கே வகுப்பு எடுத்தேன். இந்தத் திமிருக்கான விலையைத்தான் கீழே சொல்கிறேன்.

அடிக்கு ஒரு பழைய நிசான் சனி பி11 காரின் கூடு வாங்கினேன். டெலோரியனின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2,413 மில்லிமீற்றர், சனிக்கு 2,400. பார்க்கிறவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டெலோரியனின் உயரம் வெறும் 1.14 மீற்றர், சனி அதைவிட ஒரு சாணுக்கும் மேலே நிற்கும். அதனால் எஞ்சினைக் கழற்றி, கூரையை வெட்டி, சீற்றைத் தரையோடு இறக்கினோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இரும்புக்குப் போக வேண்டிய கூடுகளுக்குக்கூட விலை ஏறியிருந்த நேரம் அது. சரி, அது ஏமாற்று இல்லை, காலம்.

இரண்டு மாதம் இரவில் கடை பூட்டிய பிறகு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, தரையில் கார்ட்போர்ட் மட்டைகளை விரித்து ஒவ்வொரு தகட்டுக்கும் முழு அளவில் அச்சு வெட்டினேன். பொனட், கதவு, பக்கத்துத் தகடு எல்லாம். மகள் வேறு வேறு நிறப் பேனையால் இலக்கம் போடுவாள். இந்த வேலையில் எனக்கு உண்மையான சந்தோசம் கிடைத்தது அந்த இரண்டு மாதம்தான்.

பிறகு ஒரு வெல்டிங் கராஜைப் பிடித்தேன். ஹோட்டல்களுக்குக் கைப்பிடி அடித்துக் கொடுத்தவர் என்று பலர் சொன்னார்கள். ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் 304, எட்டுக்கு நாலடித் தகடு ஒன்பது, கூலி, கதவுப் பொறி எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து எண்பதாயிரம், அட்வான்ஸ் ஐந்து லட்சம். பில் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் எழுதித் தந்தார். அதில் இருந்தது ‘எஸ்எஸ் தகடு – 9’ மட்டும். ரகமும் இல்லை, தடிப்பும் இல்லை. “அண்ணே, 304 என்று எழுதிவிடுங்களேன்” என்றேன். அவர் எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வந்தார். தகட்டில் வைத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் விழுந்தது. “தம்பி, இதுக்கு மேல என்ன எழுத்து வேணும்?” நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது தெரிந்ததை அன்றைக்குத் தெரிந்திருந்தால்! 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல்தான் விலை. 202 என்று இன்னொரு ரகம் உண்டு, அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். மலிவு. பளபளப்பு ஒன்றேதான், காந்தமும் இரண்டிலும் ஒட்டாது. சொல்லப்போனால் நல்ல 304ஐயே பலமாக வளைத்தால் அந்த மடிப்பில் காந்தம் மெல்லப் பிடிக்கும். ஆகவே அந்தக் காந்த வித்தை 304ஆ 202ஆ என்று காட்டாது.

மே மாதம் தருவதாகச் சொன்ன காரை ஓகஸ்ட் கடைசியில் தந்தார், சீசன் முடிகிற நேரத்தில். அசல் காரில் கதவைத் தூக்குவதற்கென்றே ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. குளிரில் பதப்படுத்தி, விமானக் கம்பனி ஒன்று செய்து கொடுத்தது. நம்மவர் பழைய வானின் பின்கதவுக் காஸ் ஷொக் இரண்டைப் போட்டிருந்தார். மூன்றாம் நாளே கதவு மெல்ல இறங்கி என் மச்சானின் தலையில் உட்கார்ந்தது. இப்போது மூங்கில் தடி கொடுத்து நிறுத்துகிறோம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், படத்தில் காருக்கு உள்ளே மின்னுமே, அந்த மூன்று கிளை விளக்கைச் செய்த எலக்ட்ரிக் தம்பி கேட்ட காசுக்கு மேலாகவே உழைத்தான். அது இன்றைக்கும் எரிகிறது.

கச்சான் அடிக்கிறவரை ஒன்றும் தெரியவில்லை, அது தரையிலிருந்து வருகிற காய்ந்த காற்று. நவம்பரில் வாடை திரும்பியது. கடல் நேரே வாசலுக்கு வந்தது மாதிரி உப்பு. மூன்று கிழமையில் பொனட்டில் தேயிலைச் சாயம் தெளித்த மாதிரிப் புள்ளிகள். டிசம்பரில் வெல்டிங் ஓரமெல்லாம் சிவப்புக் கோடு வடிந்தது.

கராஜுக்குப் போனேன். “கடல் காத்து தம்பி, தங்கத்தைத் தவிர எல்லாம் துருப்பிடிக்கும்” என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். 304கூடக் கடலோரத்தில் மெல்ல மங்கும். கடலுக்குக் கிட்ட என்றால் மொலிப்டினம் கலந்த 316 போட வேண்டும், அதை அவர் எனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாதாரண இரும்பு தேய்த்த அதே கிரைண்டர் கல்லால் ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்த்தாலும் இரும்புத் துகள் ஏறித் துருப்பிடிக்கும். அதுவாக இருக்கும் என்று நானே என்னைச் சமாதானம் செய்தும் பார்த்தேன்.

படகுச் சாமான் செய்கிற ஒரு பெரியவர்தான் முடிச்சை அவிழ்த்தார். அவரிடம் ஒரு சின்னப் போத்தல் மருந்து இருந்தது. தகட்டில் ஒரு துளி விட்டு, சின்ன பட்டரி வயரைத் தொட்டார். மாங்கனீஸ் கூடின 200 வரிசை என்றால் நிறம் மாறுமாம். மாறியது. ஒன்பது இடத்தில் பார்த்தோம், ஒன்பதிலும் மாறியது. பிறகு மிச்சத் துண்டொன்றை மைக்ரோமீற்றரில் வைத்தார், 0.8. ஒரு மில்லிமீற்றர்த் தகடு முழுதாக இருந்தால் இருபத்திமூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், 0.8 என்றால் பத்தொன்பதுக்குக் கிட்ட. தகடு வந்த அன்றைக்கு ஒரு தராசு இருந்திருந்தால் இதையாவது பிடித்திருக்கலாம். ரகத்தைத் தராசு காட்டாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற முறைப்பாட்டு ஃபோன் இலக்கத்துக்கு எடுத்தேன். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ‘எஸ்எஸ் தகடு’ என்று வாசித்துக் காட்டும்போது எனக்கே வெட்கமாக இருந்தது, 202வும் எஸ்எஸ்தானே. கடைசியில் மத்தியஸ்த சபையில் உட்கார்ந்தோம். அவர் ஏமாற்றியதாக ஒப்புக்கொள்ளவில்லை. ‘தடிப்பில் பிழை நடந்திருக்கலாம்’ என்று சொல்லி ஒரு லட்சத்து இருபதாயிரம், மாதம் பத்தாயிரமாகத் தருவதாகக் கையெழுத்து வைத்தார். இரண்டு மாதம் வந்தது. மூன்றாவது மாதம் ஃபோன் எடுக்கவில்லை. கராஜின் பெயரை நான் இங்கே போடவில்லை, கேட்டு மெசேஜும் போடாதீர்கள். எந்தக் கராஜுக்குப் போனாலும் பில்லில் ரகத்தையும் தடிப்பையும் எழுத வையுங்கள், தகடு வாங்கிய கடையின் ரசீதைக் கேளுங்கள், வளைக்கிறதுக்கு முன் ஒரு மூலையில் அந்த மருந்தை விட்டுப் பாருங்கள். எழுத மறுத்துக் காந்தத்தை எடுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்த சீசனுக்கு முன் பொனட்டையும் இரண்டு கதவையும் மட்டும் 316இல் மாற்றப் போகிறேன். தகட்டை நானே கொழும்பில் எடுத்து வருகிறேன். மற்றத் தகடுகளை அந்தப் போட் மேஸ்திரி பைபரில் செய்து தருகிறார். வெள்ளிப் பெயின்ட் அடித்து. விலை சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பை நான் கண்டுகொள்ளவில்லை.