உண்ணி சேகரிப்புப் பெட்டி: இடுக்கி அருமை, பேனாதான் காலை வாரியது

கால்நடைகளிலும் காட்டு விலங்குகளிலும் உண்ணிகள் பரப்பும் நோய்களைப் பற்றிய கள ஆய்வுக்காக வாங்கிய இந்தச் சேகரிப்புப் பெட்டியை, இரண்டு பருவங்கள் முழுக்கப் பயன்படுத்திய பிறகே மதிப்பிடத் துணிகிறேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெள்ளை ஃபிளானல் துணி, அதை இழுக்கக் கம்பும் கயிறும், கூர்முனை இடுக்கி ஒன்று, வளைந்த இடுக்கி ஒன்று, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், திருகுமூடியுள்ள ஐம்பது சிறு குப்பிகள், கையுறைகள், எழுதுவதற்குச் சீட்டுகளும் ஒரு மார்க்கர் பேனாவும், இனம் காண உதவும் பட அட்டை, ஒரு சிறு கையேடு ஆகியவை இதில் உள்ளன.

கூர்முனை இடுக்கியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டின் மடியிலோ வாலடியிலோ ஆழமாகக் கடித்துப் பிடித்திருக்கும் ஹயலோமா உண்ணிக்கு வாயுறுப்பு நீளம். அவசரப்பட்டு உடலைப் பற்றி இழுத்தால் வயிறு கையோடு வரும், வாய் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். பேரினத்தைப் பிரித்தறியும் அடையாளங்களில் பல அந்த வாய்ப்பகுதியில்தான் இருப்பதால், அப்படிப் பிய்ந்து வந்த உண்ணி ஆய்வுக்குப் பாதிதான் பயன்படும். இந்த இடுக்கியின் முனை உண்ணிக்கும் தோலுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளிக்குள் நுழைகிறது. முறுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுத்தால் தோல் கூடாரம் போலச் சற்று எழும்பி, இரண்டு மூன்று விநாடிகளில் பிடி தளர்ந்து, உண்ணி காலை உதைத்துக்கொண்டு முழுதாக வந்துவிடுகிறது. வளைந்த இடுக்கியை நாங்கள் பெரும்பாலும் தொடவேயில்லை.

கைலென்ஸும் நன்று. ரிபிசெபாலஸ் உண்ணியின் வாயடிப் பகுதி அறுகோணமாக இருப்பதையும், ஹீமாபைசாலிஸ் உண்ணியின் வாயருகே உள்ள உணர்கொம்புகள் பக்கவாட்டில் புடைத்திருப்பதையும், இக்சோடெஸ் உண்ணியில் மட்டும் ஆசனவாய்ப் பள்ளம் ஆசனவாய்க்கு முன்னால் வளைந்து செல்வதையும் வளர்ந்த உண்ணிகளில் இதைக் கொண்டே பார்த்துவிடலாம். பட அட்டைதான் பழையதாகத் தெரிகிறது. மாட்டு உண்ணியை அது இன்னும் பூஃபிலஸ் என்றே குறிப்பிடுகிறது. அந்தப் பேரினம் 2003இலேயே ரிபிசெபாலஸுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது.

இழுதுணியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பல இன உண்ணிகள் புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை விரித்துக்கொண்டு விலங்குகளுக்காகக் காத்திருக்கும். அந்தக் கால்களில் உள்ள ஹாலர் உறுப்பு மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் உடல் மணத்தையும் உணர்கிறது. துணியைப் புல்லின் மேல் மெதுவாக இழுத்துச் சென்றால் அவை அதை ஒரு விலங்கென்று எண்ணி ஒட்டிக்கொள்கின்றன. பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை நின்று துணியைத் திருப்பிப் பார்த்து எடுத்துவிட வேண்டும், இல்லையேல் பாதி உதிர்ந்துபோகும். துணியின் நெசவு இதற்குப் பொருத்தமானது. ஆனால் பின்விளிம்பில் எடை எதுவும் இல்லாததால், கட்டையான புல்லில் துணி தரையைத் தொடாமல் மேலாக மிதந்து செல்கிறது. சிறு சங்கிலித் துண்டு ஒன்றை விளிம்பில் தைத்த பிறகே அது ஒழுங்காகப் படிந்தது. பனி ஈரத்தில் இழுக்கவே கூடாது. நனைந்த துணியில் எதுவும் ஏறுவதில்லை.

இந்தத் துணி "எல்லா உண்ணிகளையும்" திரட்டித் தரும் என்று கையேடு சொல்வது தவறு. மாடுகளின் உடலெங்கும் உண்ணி அப்பிக் கிடந்த ஒரு மேய்ச்சல் நிலத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க இழுத்தும், கடுகைவிடச் சிறிய ஆறுகால் குஞ்சுகள் மட்டுமே கிடைத்தன. அதில் வியப்பில்லை. மாட்டு உண்ணி ஒரே விலங்கில் வாழ்நாளைக் கழிக்கும் இனம். குஞ்சாக ஏறியது, சுமார் மூன்று வாரங்களில் அதே மாட்டின் மேல் எட்டுக்கால் இளம்பருவத்தையும் வளர்ந்த பருவத்தையும் கடந்து, இரத்தம் குடித்து ஊதிய பிறகே முட்டையிடக் கீழே விழுகிறது. ஆகவே அதன் குஞ்சுகளைத் தவிர வேறு எந்தப் பருவமும் புல்லில் காத்திருப்பதில்லை. வளர்ந்த ஹயலோமாவோ புல்லேறிக் காத்திருக்காமல், தரையில் பதுங்கியிருந்து விலங்கை நோக்கி ஓடிவரும் வேட்டைக்காரன். துணி வெறுமையாக வந்தது என்பதற்காக அந்த நிலத்தில் உண்ணி இல்லை என்று அறிக்கை எழுதும் புதிய ஆய்வாளரை இந்தக் கையேடு தடுக்கப்போவதில்லை.

இனி மார்க்கர் பேனா. மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு மானிடமிருந்து, வனவிலங்கு மருத்துவர்கள் அனுமதித்த சில நிமிடங்களுக்குள் காது, கழுத்து, தொடை இடுக்கு எனத் தனித்தனியாக ஒன்பது குப்பிகளில் உண்ணிகளைச் சேகரித்தோம். உள்ளே போட்ட சீட்டுகளில் அந்தப் பேனாவால் எழுதியிருந்தோம். மாலையில் பார்த்தபோது குப்பிகளில் ஊற்றியிருந்த சாராயம் (எத்தனால்) நீலமாகியிருந்தது, சீட்டுகள் வெறுமையாக இருந்தன. ஒன்பதும் வீண். விலங்கின் உடலிலிருந்து எடுத்த உண்ணிக்குள் ஒரு கிருமியின் மரபணு இருப்பதாலேயே அந்த உண்ணி நோயைப் பரப்புகிறது என்று ஆகிவிடாது. அது குடித்த இரத்தத்தில் வந்ததாகவும் இருக்கலாம். எந்த விலங்கு, எந்த இடம், ஊதியதா இல்லையா என்ற குறிப்புகள் அழிந்தால் ஆய்வகம் தரும் முடிவுக்குப் பொருளே இல்லை. 1893இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலை உண்ணிகளே பரப்புகின்றன என்று காட்ட முடிந்ததும், எந்த மாட்டில் உண்ணி இருந்தது, எதில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அகற்றினார்கள் என்ற கணக்கு பிசகாததால்தான். சாதாரணப் பென்சிலால் எழுதினால் சாராயத்தில் கரையாது என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தது. அதை அறியாத ஒருவர் இந்தப் பெட்டியை வடிவமைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். நாங்களும் முதல் நாளே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

குப்பிகளின் மூடிக்குள் ரப்பர் வளையம் இல்லாததால், சாய்ந்தால் கசிகிறது. 70 விழுக்காடு எத்தனாலை மட்டுமே கையேடு பரிந்துரைக்கிறது. உருவத்தைப் பார்த்து இனம் காண அது போதும், ஆனால் மரபணுச் சோதனைக்கு 95 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது நல்லது. 1957இல் கர்நாடகக் காடுகளில் குரங்குகள் மடிந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயைப் போன்ற வைரஸ் நோய்களைத் தேடுபவர்கள் வைரஸை வளர்த்துப் பிரித்தெடுக்க வேண்டுமானால், உண்ணிகளைச் சாராயத்தில் போடாமல் உயிரோடோ உறைகுளிரிலோ ஆய்வகத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்; இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையுறைகள் தடிமனாகவே உள்ளன. உண்ணிகள் பரப்பும் வைரஸ் நோயான கிரிமியன் காங்கோ காய்ச்சல், உண்ணியை விரலால் நசுக்குவதாலும் தொற்றும் என்பதால் அதில் சிக்கனம் பார்க்காதது நிம்மதி.

குறைகளைத் தயாரிப்பாளருக்கு எழுதினோம். அடுத்த தொகுப்பில் பென்சில் வைப்பதாகப் பதில் வந்தது. குப்பி மூடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் பருவத்துக்குக் குப்பிகளை வேறிடத்தில் வாங்கிவிட்டோம். இடுக்கியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டிருக்கிறோம்.