பிடிஐ நொதியைக் கண்டறியும் ஆன்டிபாடி: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

புரோட்டீன் டைசல்பைடு ஐசோமெரேஸ், அதாவது பிடிஐ நொதியைக் கண்டறிவதற்கான முயல் மோனோகுளோனல் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரே வகையான எதிர்ப்புப் புரதம்) ஒன்றைப் பெங்களூருவில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். மதுரை, கோவைப் பக்கமிருந்து இங்கே ஆய்வுக்கு வரும் மாணவர்கள் இதை வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் புரதங்களை அளவுவாரியாக ஜெல்லில் பிரிக்கும்போது 57 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே பட்டை தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அது பிடிஐ தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாச வலையினுள் புதிதாக உருவாகும் புரதங்களில் டைசல்பைடு பிணைப்புகளை (கந்தக அணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை) அமைத்தும், தவறாக அமைந்தவற்றை மாற்றிக் கொடுத்தும், அவை சரியாக மடிய உதவுவது இந்த நொதி. 1963-இலேயே கிறிஸ்டியன் அன்ஃபின்சனின் குழு இதை விவரித்தது. மனித உடலில் இதே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் இருபதுக்கு மேல் உள்ளன. அவற்றுள் இஆர்பி57 என்பது ஜெல்லில் ஏறத்தாழ பிடிஐ நிற்கும் இடத்திலேயே வந்து நிற்கும் என்பதால், ஆன்டிபாடி இரண்டில் எதைப் பிடித்திருக்கிறது என்பதை அளவை வைத்துச் சொல்லவே முடியாது.

ஆகவே மனிதச் செல்களில் பிடிஐக்கான பி4எச்பி மரபணுவை எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவின் செயல்பாட்டை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு அடக்கியும், தனியாக இஆர்பி57-ஐ அடக்கியும், இரண்டு மாதிரிகளையும் ஒரே ஜெல்லில் ஓட்டினோம். முதல் மாதிரியில் பட்டை மங்கலான நிழலாகச் சுருங்கியது. இரண்டாவதில் சற்றும் குறையவில்லை. இந்த ஆன்டிபாடியின் மீது எனக்குள்ள நம்பிக்கைக்கு அடிப்படை இந்த ஒரு படம்தான். நிறுவனம் தரும் தகவல் தாளில் எத்தனை படங்கள் இருந்தாலும், உங்கள் செல்களில் நீங்களே இதைச் செய்து பார்ப்பதற்கு அவை ஈடாகாது.

ஜெல்லில் பிரித்த புரதங்களை மெம்பிரேனுக்கு மாற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் 1:1000 விகிதத்தில் கலந்து, 4 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தால் பின்னணிக் கறை இல்லாமல் தெளிவாக வருகிறது. எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவு புரதம் ஏற்றப்பட்டதா என்ற ஒப்பீட்டுக்கு டியூபுலின் புரதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது பிடிஐக்கு மிக அருகில் நிற்பதால், 42 கிலோடால்டன் கொண்ட ஆக்டினே வசதியானது.

நுண்ணோக்கியின் கீழ் இதன் தரம் இன்னும் நன்றாகப் புலப்படுகிறது. டிரைட்டன் கொண்டு எல்லாச் சவ்வுகளையும் துளைத்த செல்களில், உட்கருவைச் சுற்றி அடர்த்தியாகத் தொடங்கி ஓரம் நோக்கி மெலிந்து செல்லும் வலை தெரிகிறது. குறைந்த அளவு டிஜிட்டோனின் கொண்டு வெளிச்சவ்வை மட்டும் துளைத்தாலோ, அந்த வலை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பிடிஐ வலைப்பின்னலின் உள்ளே இருப்பதால் இப்படித்தான் நடக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத ஆன்டிபாடிகளும் சந்தையில் இருக்கின்றன.

இம்யூனோபிரெசிபிட்டேஷனுக்கு (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைக் கலவையிலிருந்து பிரித்தெடுப்பதற்கு) மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆன்டிபாடியின் கனச் சங்கிலியே 50 கிலோடால்டன் அருகே பெரிய பட்டையாக விழுந்து பிடிஐயை மறைத்துவிடுகிறது. வேறு வழியில்லை என்றால், இலகுச் சங்கிலியை மட்டும் அடையாளம் காணும் இரண்டாம் ஆன்டிபாடியைப் பயன்படுத்துங்கள்.

பெங்களூருவில் இருப்பவர்களின் பெரிய தலைவலி, பொருள் கைக்கு வந்து சேருவதுதான். ஒருமுறை மே மாதத்தில் முகவர் அனுப்பிய பெட்டியில் குளிர்ப்பொதிகள் முழுவதும் உருகிப்போயிருந்தன. பழைய குப்பியோடு சேர்த்துச் சோதித்தபோது பட்டையின் அடர்த்தியில் வேறுபாடு இல்லை என்பதால் திருப்பி அனுப்பவில்லை. அதன் பிறகு புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) எது வந்தாலும், பழைய குப்பியில் கொஞ்சம் மீதம் வைத்திருந்து, ஒரே மெம்பிரேனை இரண்டாக வெட்டி ஒப்பிட்ட பின்பே பயன்பாட்டுக்கு எடுக்கிறோம். கிளிசரால் கலந்து வருவதால் மைனஸ் 20-இல் இது உறைவதில்லை. சிறு குப்பிகளாகப் பிரிக்கத் தேவையில்லை, மைனஸ் 80-இல் வைக்கவும் வேண்டாம்.