எண்ணெய் பிரிக்கும் பூச்சு வலை: பட்டறையில் இரண்டு வருஷ அனுபவம்

எங்கள் பட்டறையில் டீசல் பம்புகளைப் பிரித்துக் கழுவுவோம். தரையை அலசிவிடும் தண்ணீர் பின்பக்கத் தொட்டிக்குப் போகும். அதன்மேல் ஒரு விரற்கடை டீசலும் பழைய ஆயிலும் மிதக்கும். மக்கால் மொண்டால் பாதிக்கு மேல் தண்ணீர்தான் வரும். தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு பாழாகும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

வேதியியல் படிக்கும் அண்ணன் மகள்தான் 300 மெஷ் (அங்குலத்துக்கு 300 கண்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையில் சிலிக்கா தூளும் சிலிகானும் கலந்து பூசிக் கொடுத்தாள். ஃபுளோரின் கலந்த பூச்சு மண்ணில் மட்காது என்று அதைத் தவிர்த்துவிட்டாள். இந்த யோசனை புதிதல்ல. 2004-இலேயே சீனாவில் லெய் ஜியாங் குழுவினர் வலையில் டெஃப்லான் பூசி, டீசல் இறங்கிவிட, தண்ணீர் மேலேயே நிற்பதைக் காட்டியிருக்கிறார்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரிதான், துளி உருண்டு ஓடும்.

முதல் நாள் வலையைப் புனல் மாதிரி வைத்து ஒரு வாளி ஊற்றினேன். கொஞ்சம் டீசல் சொட்டியது, அப்புறம் நின்றே போனது. கனமான தண்ணீர் அடியில் படுத்து வலையை மூடிவிட்டது. டீசல் அதற்கு மேலே மிதந்தது. பிறகு வலையை மூடியில்லாத பெட்டியாக மடித்துத் தொட்டியில் மிதக்கவிட்டோம். ஓட்டைமயமான பெட்டி படகு போல் மிதந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. பக்கச் சுவரில் வியர்வை மாதிரி டீசல் அரும்பி உள்ளே வழிந்தது. அதைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கிறோம். டீசல் சீக்கிரம் வரும், கெட்டி ஆயிலுக்குப் பொறுமை வேண்டும்.

கணக்குப்படி இந்த வலையின் துளை அரை மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்க வேண்டும். எங்கள் பெட்டி ஒரு சாண் அமிழ்ந்தாலே கசிந்தது. மடித்த மூலைகளில் பூச்சு விண்டிருந்ததுதான் காரணம். முதல் வலை ஏழு மாதம் வந்தது. அடுத்ததை மடித்த பிறகு பூசச் சொன்னேன். பதினேழு மாதமாக ஓடுகிறது. கம்பி பிரஷ் போடவே கூடாது. சுத்தமான டீசலில் அலசி நிழலில் காயவைத்தால் போதும். சேறு அடைக்காமலிருக்கத் தொட்டி வாயில் ஒரு நைலான் துணி கட்டியிருக்கிறோம்.

வலைக்கு எமன் சோப்புதான். ஒரு நாள் பையன் ஷாம்பு வாளியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டான். சாயங்காலத்துக்குள் பெட்டி மூழ்கிவிட்டது. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், அப்புறம் எந்தத் துளையிலும் அது நுழையும். பால் மாதிரி கலங்கிய எண்ணெயையும் இந்த வலை பிரிக்காது. துளிகள் அவ்வளவு பொடி. அதனால் சோப்புத் தண்ணீருக்குத் தனித் தொட்டி கட்டினோம்.

இதற்கு நேர்மாறாக, தண்ணீரை இறங்கவிட்டு எண்ணெயை நிறுத்தும் ஜெல் பூச்சு வலையையும் மூன்று மாதம் வைத்துப் பார்த்தேன். அதில் கலவையை நேராக ஊற்றலாம், வேகமும் நல்ல வேகம். ஆனால் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். தீபாவளி லீவில் காய்ந்து சுருங்கியது, எண்ணெய் ஒட்டிக்கொண்டது, அத்தோடு சரி.

வலை எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் வெளியே விட்டுவிடாதீர்கள். ஆறு, குளத்தில் விட லிட்டருக்கு 10 மில்லிகிராம் எண்ணெய்தான் நம் நாட்டு வரம்பு. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாங்கள் அந்தத் தண்ணீரையே திரும்பத் தரை அலச எடுக்கிறோம். பிரித்த எண்ணெய் பேரலில் சேர்ந்ததும் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குப் போகிறது.