தொங்கும் துளியா, எண்ணெய்க்கு அடியில் துளியா?

போன வருடம் புரதப் படிகம் வளர்க்கிற எங்கள் ஆய்வகத்துக்குக் கொஞ்சம் பணம் வந்தது. கவர்ஸ்லிப், வேக்வம் கிரீஸ், 24 குழி பிளேட் என்று வழக்கமான பட்டியலை எழுதினேன். ஒரு ராத்திரி யோசித்துவிட்டு எல்லாவற்றையும் அடித்தேன். அதற்குப் பதிலாக வாங்கியவை 72 குழி உள்ள சின்னத் தெரசாகி பிளேட்டுகள், ஒரு புட்டி பாராஃபின் எண்ணெய், ஒரு புட்டி சிலிகோன் எண்ணெய். "எண்ணெய்க் கடை வைக்கப் போறீங்களா மேடம்?" என்று ஸ்டோர்ஸில் இருந்தவர் கேட்டார்.

தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கல்லூரி. ஒரு ஏசி அறை, ஒரு நுண்ணோக்கி, வயசான ஒரு இன்குபேட்டர். இதை வைத்துக்கொண்டு, எக்ஸ்-கதிரால் புரதத்தின் வடிவத்தைப் பார்க்கப் படிகம் வளர்க்கிறவளுக்கு அந்த முடிவு ஏன் சரியாக வந்தது என்பதுதான் விஷயம். ரோபோ வைத்திருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

போட்டியில் இருப்பவை மூன்று. தொங்கும் துளியில், கண்ணாடிக் கவர்ஸ்லிப்பின் மேல் ஒரு மைக்ரோலிட்டர் புரதத்தையும் ஒரு மைக்ரோலிட்டர் பிரெசிபிடன்ட் (புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும் உப்பு மாதிரிப் பொருள்) கரைசலையும் கலந்து, அதைக் குழியின் மேல் கவிழ்த்துக் கிரீஸ் வைத்து அடைப்போம். குழிக்குள் அதே கரைசல் அரை முதல் ஒரு மில்லி வரை இருக்கும். உட்காரும் துளியும் இதே சங்கதிதான். துளி சின்ன மேடையில் உட்காரும், மேலே டேப். இரண்டிலும் துளியில் உப்பு பாதி, கீழே ரிசர்வாயரில், அதாவது குழிக் கரைசலில், முழுசு. அதனால் துளியின் நீர் ஆவியாகிக் கீழே போய்ச் சேரும், துளி மெல்ல இறுகும். இனிமேல் கரைசலில் தங்க முடியாது என்ற கட்டம் வரும்போது புரதம் வெளியே வரும். அதிர்ஷ்டம் இருந்தால் படிகமாக, இல்லாவிட்டால் திரிந்த பால் மாதிரி வீழ்படிவாக.

மூன்றாவது, எண்ணெய்க்கு அடியில் மைக்ரோபேட்ச். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நவோமி சாயென், டேவிட் ப்ளோ குழு 1990-இல் வெளியிட்ட முறை. பிளேட் முழுக்க ஐந்தாறு மில்லி பாராஃபின் எண்ணெய் ஊற்றி, புரதத்தையும் பிரெசிபிடன்ட்டையும் எண்ணெய்க்கு அடியில் விட்டுவிட வேண்டும். இரண்டும் குழியின் அடியில் போய் ஒன்று சேர்ந்துகொள்ளும். ரிசர்வாயர் கிடையாது, கவர்ஸ்லிப் கிடையாது, கிரீஸ் கிடையாது.

செலவு எண்ணெய்க்குத்தான் குறைவு. கை வேகமும் அதில்தான். புதிதாகச் சேர்ந்த எம்.எஸ்ஸி. பிள்ளை கூட ஒரு மணி நேரத்தில் ஒரு பிளேட் போட்டுவிடுகிறது. 24 கவர்ஸ்லிப்பை நடுங்காமல் கவிழ்க்க அதே பிள்ளைக்கு ஒரு மாதம் பிடிக்கும். உட்காரும் துளியைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. 96 குழியில் 100 நானோலிட்டர் அளவுக்குத் துளி வைக்க ரோபோ இருந்தால் அதை அடிக்க ஆளில்லை. கையால் வைக்கிற எங்களுக்கு அது தொங்கும் துளிக்குத் தம்பி, அவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது செலவு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம்.

கஜா மாதிரி புயலைச் சொல்லவில்லை. 2018 நவம்பரில் அது வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போனபிறகு இங்கே பல ஊர்களில் கரன்ட் திரும்ப வாரக்கணக்கானது; அப்படி ஒன்று வந்தால் எந்த முறையும் தாங்காது. நான் சொல்வது மாதம் ஒரு தடவை பேப்பரில் வருகிற, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரையிலான சாதாரண நிறுத்தம். ஜெனரேட்டர் கணினிக்கும் ஃப்ரீசருக்கும் போகும். ஏசிக்குப் போகாது.

அப்படி ஒரு நிறுத்தத்தன்று குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பமானியை அறையில் வைத்திருந்தேன். காலையில் 22 டிகிரி. சாயங்காலம் 33. கரன்ட் வந்ததும் உதவியாளர் அண்ணன் ஓடிவந்தார்.

"மேடம், கரன்ட் வந்துடுச்சு. ரூம் ரொம்பக் காஞ்சு கெடக்கு. ஏசிய 18-ல வச்சுடறேன், சட்டுனு குளுந்துடும்."

"வைங்கண்ணே" என்று நானும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் தொங்கும் துளி பிளேட்டை நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. கவர்ஸ்லிப்பின் உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. குளிர்காலத்தில் பஸ் கண்ணாடி மூடிக்கொள்ளுமே, அந்த மாதிரி. பொடிப் பொடி நீர்த்துளிகள் எங்கள் துளியைச் சுற்றி நெருக்கியிருந்தன. சில இடங்களில் அதோடு ஒன்றாகவே கலந்துவிட்டன. மூன்று வாரம் வளர்ந்த படிகம் வாயில் போட்டு எடுத்த கற்கண்டு மாதிரி முனை மழுங்கிக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் அதுவும் போய்விட்டது.

கெடுதல் நடந்தது கரன்ட் போனபோது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் கரன்ட் வந்த பிறகுதான் நடக்கிறது. ஏசி காற்று முதலில் குளிர வைப்பது மெல்லிய கண்ணாடியை. அடியில் ஒரு மில்லி ரிசர்வாயர் இன்னும் சூடாகவே இருக்கும். சூடான நீரிலிருந்து ஆவி எழும்பி, குளிர்ந்த கண்ணாடியில் போய் ஒட்டும். ரிசர்வாயர் ஒரு மில்லி, துளி இரண்டு மைக்ரோலிட்டர்; அதாவது ஐந்நூறு மடங்கு. அந்த ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடம் மாறித் துளியில் விழுந்தால் போதும், துளி ஒன்றரை மடங்காகிவிடும். மூன்று வாரமாக மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்ந்த நீர் ஒரே ராத்திரியில் மடை திரும்பிப் பாய்கிறது. உட்காரும் துளிக்கும் இதே கதி. என்ன, அங்கே வேர்ப்பது டேப். வேர்த்த நீர் துளியை ஒட்டியே நிற்காது என்ற அளவுக்கு ஒரு சலுகை.

எண்ணெய்க்கு அடியில் இருக்கிற துளிக்கு இந்த வழியே கிடையாது. ஆவி போக இடமில்லை, வர ரிசர்வாயர் இல்லை. வெப்பம் ஏறினால் புரதத்தின் கரைதிறன் மாறும், இறங்கினால் பழைய இடத்துக்கு வரும். துளியில் உள்ள நீரும் உப்பும் அப்படியே இருக்கும்.

அடுத்த மாத நிறுத்தத்துக்கு முன்னால் லைசோசைமில் போட்டுப் பார்த்தோம். கோழிமுட்டை வெள்ளைக்கருவின் இந்த நொதி படிகம் வளர்ப்பவர்களுக்கு அரிச்சுவடி. புரதம் மில்லிக்கு 50 மில்லிகிராம், சோடியம் அசிடேட் பஃபர் (பிஎச் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல்) பிஎச் 4.6, சாப்பாட்டு உப்புதான் பிரெசிபிடன்ட். ஒரு நாளில் படிகம் வந்துவிடும். உப்புக் கரைசலில் லைசோசைம் சூட்டில் அதிகம் கரையும், குளிரில் குறைவாகக் கரையும். எதிர்பார்த்தபடியே தொங்கும் துளியில் பாதிக்கு மேல் வேர்த்துக் கெட்டன. எண்ணெய்ப் பிளேட்டில் சாயங்காலம் படிகங்களின் விளிம்பு மங்கியிருந்தது. இரண்டு நாளில் திரும்பக் கூர்மையாகிவிட்டது. ஒரே தடவை செய்து பார்த்தது, இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் வாங்கும் பட்டியலை மாற்ற எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி எண்ணெய் கொடுத்த தலைவலிகள். முதல் தடவை நான் செய்த தப்பை எல்லோரும் செய்வார்கள் என்று நினைக்கிறேன். 1991-இல் ஜன்காரிக்கும் கிம்மும் கொடுத்த ஐம்பது கரைசல் முறையைப் பின்பற்றி வந்த ஸ்கிரீனை (எதில் படிகம் வரும் என்று தேடும் கரைசல் தொகுப்பு) அப்படியே எடுத்து, பாராஃபினுக்கு அடியில் ஒன்றுக்கு ஒன்று கலந்து வைத்தேன். இரண்டு வாரம் ஆகியும் எல்லாத் துளியும் கண்ணாடி மாதிரி தெளிவு. புரதம் கெட்டுவிட்டதோ என்று ஜெல் கூட ஓட்டினோம். காரணம் ரொம்பச் சாதாரணம். ஆவி முறையில் பாதியாகக் குறைந்த செறிவு பிறகு ஏறி முழுசாகும். பாராஃபின் நீரை விடுவதே இல்லை. பாதி என்றால் கடைசி வரை பாதிதான். புரதத்தையும் பிரெசிபிடன்ட்டையும் கெட்டியாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். முடியாவிட்டால் பாராஃபினையும் சிலிகோன் எண்ணெயையும் சமமாகக் கலந்து ஊற்ற வேண்டும். சிலிகோன் நீரைக் கசியவிடும், அதனால் துளி மெதுவாக இறுகும். ஆலன் டார்சி கண்டுபிடித்த கலவை என்பதால் இதை ஆல்ஸ் ஆயில் என்பார்கள். இதிலும் ஒரு கண் வேண்டும். நீர் கசிவது நிற்காது. மறந்துபோய்ச் சில வாரம் விட்டால் துளி முழுசாக வற்றி உப்புப் பத்தையாகிவிடும். நான் ஸ்கிரீனுக்கு ஆல்ஸ் ஆயிலையும், படிகம் எந்தக் கரைசலில் வருகிறது என்று தெரிந்த பிறகு வெறும் பாராஃபினையும் வைக்கிறேன்.

டையாக்சேன், ஃபீனால் மாதிரி எண்ணெயில் கரைகிற கரிமப் பொருள் உள்ள கரைசல்களை இதில் வைக்கவே கூடாது. துளியை விட்டுவிட்டு எண்ணெய்க்குள் போய்விடும்.

படிகம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. எங்கள் புரதம் வாளவரை விதையிலிருந்து எடுக்கிற லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதம். வேலி ஓரம் படர்கிற அதே கொடிதான். இதன் நெருங்கிய சொந்தக்காரப் பயற்றிலிருந்துதான் ஜேம்ஸ் சம்னர் 1926-இல் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, நொதி என்பது புரதமே என்று நிறுவினார். இந்த லெக்டினுக்குச் சர்க்கரையைப் பிடிக்கக் கால்சியம் வேண்டும். எங்கள் பஃபரோ பாஸ்பேட். ஒரு நாள் ஆல்ஸ் ஆயிலுக்கு அடியில் அழகான ஊசிப் படிகங்கள். பிள்ளைகள் லட்டு வாங்கப் போய்விட்டார்கள். நான் ஒரு ஊசி முனையால் தொட்டேன். டிக் என்று உடைந்தது. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி நீர்; அது கட்டித் தயிர் மாதிரி நசுங்கும், சத்தம் போடாது. மெத்திலீன் நீலம் விட்டுப் பார்த்தால் நிறமும் ஏறவில்லை. கால்சியம் பாஸ்பேட். லட்டு மட்டும் மிஞ்சியது. இந்த ஏமாற்றம் எல்லா முறைக்கும் பொது. பஃபரை டிரிஸுக்கு மாற்றினோம், தீர்ந்தது.

மென்பொருள் பக்கமும் ஒரு வார்த்தை, ஏனென்றால் தொந்தரவு அங்கேதான் முதலில் தெரியும். மின்நிறுத்தத்தில் பாதி கரைந்து திரும்ப வளர்ந்த தொங்கும் துளிப் படிகம் ஒன்றை இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானுக்கு (வலுவான எக்ஸ்-கதிர் தரும் இயந்திரம்) எடுத்துப்போய்த் தரவு எடுத்தோம். எக்ஸ்டிஎஸ் என்ற மென்பொருளில் போட்டால் இண்டெக்ஸ் ஆகவில்லை, அதாவது படத்தில் உள்ள புள்ளிகளை ஒரு படிக அமைப்போடு பொருத்த முடியவில்லை. கற்றை மையம் தப்போ என்று மாற்றினோம், தூரத்தைச் சரிபார்த்தோம், ஐமாஸ்ஃபிலிம் என்ற இன்னொன்றில் போட்டோம். மூன்று நாள் மென்பொருளைத் திட்டித் தீர்த்த பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒன்றன் மேல் ஒன்று சற்றுக் கோணலாக வளர்ந்த இரண்டு படிகம். எந்த மென்பொருளுக்கும் அதில் குற்றமில்லை. அதன்பிறகு எண்ணெய்ப் பிளேட்டிலிருந்து எடுத்ததில் இந்தப் பிளவைப் பார்க்கவில்லை, ஆனால் எடுத்ததே நாலைந்துதான், அதனால் பெருமையாகச் சொல்ல முடியாது.

எடுப்பதில் எண்ணெய்க்கு ஒரு குறையும் ஒரு நிறையும். குழியின் அடியில் ஒட்டிக்கொண்ட படிகத்தை லூப்பால் (சின்ன வளையம்) கிளப்புவதற்குள் கை வலித்துவிடும். இரண்டுக்கு ஒன்று உடையும். ஆனால் எண்ணெய் வழியாக இழுத்து வரும்போது மேலே உள்ள நீர் வழிந்து போகும், எண்ணெயே உறைகாப்பாகிவிடும். திரவ நைட்ரஜனில் போட்டால் பெரும்பாலும் எக்ஸ்-கதிர் படத்தில் பனிக்கட்டி வளையம் வருவதில்லை. அதே சமயம், உலோகத்தையோ சர்க்கரையையோ படிகத்துக்குள் ஊற வைக்க வேண்டும் என்றால் தொங்கும் துளிதான். கவர்ஸ்லிப்பைத் திருப்பி வைத்து, ஒரு மைக்ரோலிட்டர் கூடுதலாக விட்டு, திரும்பக் கவிழ்க்கலாம். எண்ணெய்க்கு அடியில் அதைச் செய்து நான் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. மெம்பிரேன் புரதங்களை (செல் சவ்வில் உள்ளவை) நான் தொட்டதே இல்லை. அதில் வேலை செய்கிறவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும்.

சிதம்பரத்தில் பிறந்த, ரைபோசோம் அமைப்புக்காக நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனைச் சொல்லி, நம்ம மண்ணில் படிகம் வராமல் போகுமா என்று ஒவ்வொரு பயிலரங்கிலும் யாராவது கேட்பார்கள். அவர் மூன்று வயதிலேயே பரோடா போய்விட்டார். அங்கே ஏசி எப்படி என்று எனக்குத் தெரியாது.

இப்போதைய ஏற்பாடு இது. நாகப்பட்டினம் மீன் வருகிற பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்றை மீன்கடையில் கேட்டு வாங்கினேன். பத்து தடவை கழுவினோம், இன்னும் லேசாக வஞ்சிர வாசம். அதற்குள் சுற்றிலும் இரண்டு லிட்டர் நீர்ப் பாட்டில்கள் ஆறு, நடுவில் எண்ணெய்ப் பிளேட்டுகள். கடந்த நிறுத்தத்தில் அறை 33-ஐத் தொட்டபோது பெட்டிக்குள் 25-ஐத் தாண்டவில்லை. தொங்கும் துளி பிளேட்டுகளை மார்கழி, தையில் மட்டும் வெளியே எடுக்கிறேன். அப்போது ஏசி போடாமலே அறை நிதானமாக இருக்கும், அதனால் கரன்ட் போனாலும் வந்தாலும் ஒன்றுதான். சர்க்கரை ஊற வைக்கிற வேலை முழுவதையும் அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கிவிட்டோம். ஏசி ரிமோட்டை அண்ணன் என் மேஜை டிராயரிலேயே வைத்துவிடுகிறார்.